தேடி முடித்த கொட்டகை

பண்ணை ஏலம் என்றால் முட்டை சாண்ட்விச்தான் முதலில் தீரும். சீஸ் வைத்தது வெயிலில் வியர்த்துக்கொண்டு கிடக்கும், ஹாம் வைத்ததை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போகும். முட்டைக்கு மட்டும் அடிதடி. இது தெரிந்தும் பெவ் ஒவ்வொரு ஏலத்துக்கும் ஹாமைத்தான் மலையாகக் குவிப்பாள். பெண்கள் சங்கக் கூடாரத்தில் அன்று அவளுக்கு சாண்ட்விச், எனக்குக் கேக் மேசை. அதனால்தான் ஹாட்டி கர்னோவை நான் பார்த்தேன்.

ஆமாம், பார்த்தேன். முதல் நாள் சார்ஜென்ட் டுகன் கேட்டபோது நினைவில்லை என்று சொன்னேன். இப்போது நீங்கள் சிட்னியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, குரலை உயர்த்தாமல் கேட்கிறீர்கள். சொல்வதில் எனக்கு ஒன்றுமில்லை.

நாலு வயதுப் பெண். பச்சைத் தொப்பி. கையில் அம்மா கொடுத்து அனுப்பிய காசு. "லாமிங்டன் ஒண்ணு. தேங்காப்பூ நெறைய ஒட்டினதா குடுங்க" என்றாள். கொடுத்தேன். மிச்சக் காசை நீட்டினால் வாங்கவில்லை. அவர்கள் வீட்டில் மிச்சம் வாங்கிப் பழக்கமில்லை போலிருக்கிறது. பழைய கலப்பைகளை வரிசையாகப் போட்டிருந்த பக்கம் கேக்கை நக்கிக்கொண்டே போனாள். அங்கே அவள் அம்மா பிப்பா யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல், டிராக்டர் ஏலத்தின் நடுவில், ஏலக்காரர் மைக்கில் ஹாட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஹாட்டி போனா ஒரு தரம்!" என்று எவனோ கத்தினான். சிரித்தார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர் கரன்டில்லாவில் பட்டம் வாங்கியவர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். அப்பா ஆட்டு மயிர் கத்தரிக்க ஊர் ஊராகப் போனவர், ஒரு தடவை போனவர் திரும்பவில்லை. அம்மா பெயர் நோலீன். ஒரு மோட்டலில் அறை துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றி என்னைப் படிக்க வைத்தாள். கவுன்சிலில் எனக்கு வரைபட வேலை. அதனால் டுகன் என்னைக் கூப்பிட்டு, "நீ படிச்ச பொண்ணு. மேப்பை நீயே பாத்துக்க, கண்ணு" என்றார்.

நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்தேன். ஓர் இடத்தைத் தேடி முடித்ததும் கதவிலோ வேலியிலோ ஆரஞ்சு நாடா கட்ட வேண்டும். நாடாவில் கட்டத்தின் எண்ணும் கட்டியவர் முதலெழுத்தும் இருக்கும். நாடா இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் போகக் கூடாது. நாற்பத்து நாலு டிகிரி வெயிலில் ஒரே இடத்தை இரண்டு தரம் தேடினால் தேடுகிறவர்கள் விழுந்து சாவார்கள். அது நல்ல விதி. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலத்துக்குள்ளேயே ஒரு கேள்வி கிளம்பியிருந்தது. ஏலத்தில் ஹாட்டியைப் பார்த்தவர்கள் யார்? அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு பிள்ளைகள் ஓடும் இடத்தில், யாராலும் சத்தியம் பண்ண முடியவில்லை. பிப்பா நேரே என் மேசைக்கு வந்தாள்.

"டேகன், உங்கிட்டதானே கேக் வாங்க அனுப்பினேன்? பச்சைத் தொப்பி. நீதானே குடுத்த? சார்ஜென்ட்கிட்ட சொல்லேன், ப்ளீஸ்."

"எத்தனையோ பிள்ளைங்க வந்துச்சு. எனக்கு நெனப்பில்ல" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சிலருக்கு நினைவு இருக்கும், சிலருக்கு இருக்காது. நினைவு இல்லாதது குற்றமில்லை.

கோரியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். என் தம்பி. நான் சிறுமியாக இருந்தபோது, மூன்று வயதில் காணாமல் போனான். அன்றைக்கு ஹெலிகாப்டர் இல்லை, வரைபடம் இல்லை, சாண்ட்விச் இல்லை. அம்மா டிவியில் அழவில்லை. அம்மாவுக்கு எப்போதுமே பிறர் முன்னால் அழ வராது. வாடகை வீடு, புருஷன் இல்லாதவள், சிகரெட் பிடிப்பவள். ஊருக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? போலீஸ் வந்து எங்கள் கொல்லையைத் தோண்டியது. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். நான் நட்ட பூசணிக்கொடியைக்கூடப் பிடுங்கிப் போட்டார்கள். அந்த வாரம் ரொட்டிக் கடையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் தன் தோழியிடம், எங்களுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "எதுக்கு ஊரெல்லாம் தேடணும்? அவ கொல்லையத் தோண்டினா கெடச்சுட்டுப் போறான்." தோழி சிரித்தாள். அம்மா ரொட்டியை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

கோரி பாசனக் கால்வாயின் குழாய்க்குள் இருந்தான். தண்ணீரை நிறுத்தித் தூர் வாரும்போதுதான் கிடைத்தான். அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்திருக்கவே இல்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. சிலர் இன்றும் அம்மாதான் தள்ளிவிட்டாள் என்கிறார்கள்.

ரொட்டிக் கடையில் அப்படிச் சொன்ன பெண் போர்டிங் பள்ளி முடித்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தாள். பிறகு ஆங்கஸ் கர்னோவைக் கட்டிக்கொண்டாள். பிப்பாதான். அவளுக்கு அது நினைவிருக்காது. நான் சொன்னேனே, சிலருக்கு இருக்காது.

ஏலம் நடந்த அன்று, வரிசையில் நடந்து தேடியவர்கள் சூரியன் இறங்கும் நேரத்தில் களைத்துத் திரும்பினார்கள். ஒரு கட்டத்தின் மூலை மட்டும் விட்டுப்போயிருந்தது. கத்தரிப்பு நடந்த பழைய தகரக் கொட்டகை. நானே பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கொட்டகைகளின் தரை இடைவெளி விட்ட மரச்சட்டங்களாக இருக்கும், ஆட்டுப் புழுக்கை கீழே விழுவதற்காக. அந்த இடுக்கில் கால் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஹாட்டி. பூனைக்குட்டியைத் துரத்திக்கொண்டு வந்தாளாம். அழுது ஓய்ந்திருந்தாள்.

இடுக்கிலிருந்து காலை விடுவித்தேன். கணுக்கால் வீங்கியிருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரும் மிச்சமிருந்த லாமிங்டனும் கொடுத்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"கேக் ஆன்ட்டி, அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?"

"நாளைக்குப் போலாம். இப்ப எல்லாரும் ஒளிஞ்சு வெளயாடறோம். நீ சத்தம் போட்டா அம்மா ஜெயிச்சுருவா."

"நான்தான் ஜெயிப்பேன்" என்றாள்.

அவள் இருட்டில் வெளியே வந்து பாம்பை மிதித்துவிடக் கூடாது என்று கதவை வெளிப்பக்கம் கம்பியால் கட்டினேன். நாடாவும் கட்டினேன். கட்டத்தின் எண், என் முதலெழுத்து. ஓர் இரவு. அதற்குமேல் நான் நினைக்கவில்லை. எங்களுக்கு வாழ்நாள் முழுக்க நடந்தது அவர்களுக்கு ஓர் இரவு நடந்தால் என்ன ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். இதில் நியாயம் இல்லையென்று நீங்கள் சொன்னால், எது நியாயம் என்று எனக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மறுநாள் காலை பிப்பாவும் ஆங்கஸும் டிவியில் வந்தார்கள். கூடாரத்தில் டீ ஊற்றிக்கொண்டே பார்த்தோம்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் பாத்தியா?" என்றாள் பெவ். "லிப்ஸ்டிக் வேற. என் நாய் தொலஞ்சப்பவே நான் ஒரு வாரம் சாப்பிடல."

"அப்பவும் நீ எளச்ச மாதிரி தெரியலயே" என்றாள் இன்னொருத்தி.

"சிரிக்காதடி. அந்தப் பொண்ணு ஏலத்துக்கே வரலைன்னு நான் சொல்றேன். வீட்லயே என்னமோ நடந்திருக்கு."

நான் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அவங்க வீட்டு ரோஜாப் பாத்தி புதுசா கொத்தின மாதிரி இருந்துச்சு" என்றேன். உண்மைதான். போன வாரம் கவுன்சில் வேலையாகப் போனபோது என் கண்ணால் பார்த்தேன். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. பெவ் கையைத் துடைத்துக்கொண்டு நேராக டுகனிடம் போனாள்.

தோண்டும் இயந்திரம் கர்னோ வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்தபோது ஹாட்டியைக் கொண்டுவரக் கிளம்பினேன். நம்புங்கள், வண்டிச் சாவி கையில் இருந்தது. அப்போது அம்மா போன் செய்தாள்.

"அவ செய்யல, டேகன். அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். கண்ணாடியில தெனம் பாத்த மூஞ்சி. என்னை அங்க கூட்டிட்டுப் போ."

விடியற்காலையிலேயே எழுந்து மாட்டிறைச்சிக் குழம்பு வைத்திருந்தாள். துக்க வீட்டுக்குக் குழம்புப் பாத்திரம் கொண்டுபோவது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் வீட்டுக்கு யாரும் கொண்டுவரவில்லை. அன்று கர்னோ வீட்டுக்கும் யாரும் கொண்டுபோகவில்லை. அம்மா மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

ஊரே வேலிக்கு வெளியே நின்றது. அம்மா மட்டும் கேட்டைத் திறந்து உள்ளே போனாள். பிப்பா அம்மாவை அடையாளம் கண்டதும் எழுந்து நின்று, "நோலீன், நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். ஆக, அவளுக்கு நினைவு இருந்திருக்கிறது.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? உக்காரு. ஒரு வாய் சாப்பிடு" என்றாள் அம்மா. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்கு அம்மாமேல் வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? இவ்வளவு சுலபமாக முடிந்துவிடுமா? நான் வேலியில் சாய்ந்து நின்றேன். இயந்திரம் ரோஜாச் செடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டது. எங்கள் பூசணிக்கொடிக்கு இயந்திரம்கூடத் தேவைப்படவில்லை. கடைசிச் செடி வரைக்கும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பெரிய பாத்தி அது. பிறகு அம்மாவை வீட்டில் இறக்கிவிட வேண்டியிருந்தது. களைத்துப் போயிருந்தாள், டீ போட்டுக் கொடுத்தேன்.

தகரக் கொட்டகை வெயிலில் எப்படி இருக்கும் என்று கத்தரிப்புக்காரன் மகளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அதனால்தான் தண்ணீர் கொடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. அங்கே முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். பாட்டில் காலியாக இருந்தது, அவளுக்கு மூச்சு இல்லை. அவள் சத்தம் போட்டிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். சொன்னால் கேட்கிற பிள்ளை.

கம்பியைக் கழற்றிப் புதருக்குள் எறிந்துவிட்டு, வயர்லெஸ் ரேடியோவில் சொன்னேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். பிப்பா ஓடிவந்தபோது கூட்டம் வழிவிட்டது. வழிவிட்டவர்களில் ஒருத்தி, யாரென்று சொல்ல மாட்டேன், "நீ வச்ச எடம்தானே, எதுக்கு இந்த ஓட்டம்?" என்றாள். பிப்பா அப்போதுதான் அழுதாள். நடிப்பு என்றார்கள். அன்றிரவே அவளை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். அதை நான் செய்யவில்லை. அது ஊர் செய்தது.

நாடா எப்படி முதல் நாளே கதவில் இருந்தது என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். படித்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

அம்மா என்னைப் பார்க்க வரவில்லை. கர்னோ வீட்டில் தங்கி, விசாரணையிலிருந்து திரும்பி வந்த பிப்பாவுக்குச் சமைத்துப் போடுகிறாளாம். வயதானவள், இந்த வெயிலில் எதற்கு இதெல்லாம்?

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. பிள்ளையை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்றையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஊரே திரண்டு தேடியது, ஹெலிகாப்டர் வந்தது, மோப்ப நாய் வந்தது. அவளைக் கண்டுபிடித்தவள் நான். இரண்டு தடவையும் நான்தான்.