பின்னாடி ரூமுக்கு நெட்டு

மகாலட்சுமி: ...எரியலைங்க. பச்சையும் இல்ல, செவப்பும் இல்ல. செத்த எலி மாதிரி கெடக்கு உங்க டப்பா.

வீரமலை: போனைத் திருப்பிக் காட்டு. பின்னு முழுசா உள்ள போயிருக்கா?

மகாலட்சுமி: அது எப்படிப் போவும்? நம்ம வீட்டுப் பிளக்குல ஓட்டையெல்லாம் உருண்டை. நீங்க அனுப்புனதுல பட்டை பட்டையா இருக்கு. வாங்கறப்ப இதைக்கூடப் பாக்க மாட்டீங்களா?

வீரமலை: இங்க சிங்கப்பூர்ல எல்லாமே பட்டைதான்டி. மூணு வருஷமா இதையே பாத்துக்கிட்டு இருக்கனா, நம்ம ஊருல உருண்டைன்னு மறந்தே போச்சு.

மகாலட்சுமி: பிளக்கு மட்டுமா மறந்துச்சு...

வீரமலை: ஆரம்பிச்சிட்டா. மாத்துப் பின் வாங்கச் சொன்னேனே, வாங்குனியா இல்லியா?

மகாலட்சுமி: வாங்காம? மெயின்கார்டு கேட்டுல கடை கடையா ஏறி எறங்கி ரெண்டு வாங்கிட்டு வந்தேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பாக்குறான். "வீட்டுக்காரரு வெளிநாடா?"ங்கறான். பின்னைப் பாத்தே கண்டுபுடிச்சிட்டான்.

வீரமலை: சரி, அந்தப் பின்னுல சொருகிட்டியா?

மகாலட்சுமி: சொருகியாச்சு. ஆடாமதான் நிக்கிது.

வீரமலை: சுவிட்சு போட்டியா?

மகாலட்சுமி: ...

வீரமலை: மகா?

மகாலட்சுமி: எரியுது எரியுது! பச்சை!

வீரமலை: சுவிட்சு போடலல்ல?

மகாலட்சுமி: எரியுதுல்ல, அப்புறம் என்ன? சிரிக்காதீங்க.

மாரியாயி: யாருடி போன்ல, வீரமலையா? அதை ஏன் செவத்துல காட்டிக்கிட்டு நிக்கிற? செவுரா பெத்துது அவனை? இப்படிக் கொண்டா.

மகாலட்சுமி: இந்தாங்க அத்தை. பேசுங்க.

வீரமலை: அம்மா, சாப்டியா?

மாரியாயி: அதெல்லாம் ஆச்சு. நீ என்னடா, கன்னமெல்லாம் உள்ள போயிக் கெடக்கு? வெயில்ல நிக்கிறியா?

வீரமலை: கப்பல் வயித்துக்குள்ள வெல்டிங்கும்மா. வெயிலையே பாக்குறதில்ல.

மாரியாயி: அதான் வெளுத்துட்ட.

மகாலட்சுமி: கறுத்தா வெயிலு, வெளுத்தா கப்பலு. உங்க புள்ளை நல்லா இருக்காருன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீங்களா?

மாரியாயி: நீ சும்மா இருடி. ஏன்டா, தீவாளிக்கு வந்துருவல்ல? போன தீவாளிக்கும் இப்படித்தான் பாக்குறேன் பாக்குறேன்னு கடைசியில துணிய மட்டும் அனுப்புன.

வீரமலை: ...பாக்கலாம்மா. தம்பி எங்க, காணோம்?

மாரியாயி: ராசப்பனும் அவன் பொண்டாட்டியும் சமயபுரம் போயிருக்காங்க. உன் பொண்ணும் சித்தி இடுப்புலயே தொத்திக்கிட்டு போயிட்டா. பேச்சை மாத்தாத. வர்றியா இல்லியா?

வீரமலை: மகாகிட்டக் குடும்மா. அந்த டப்பா வேலைய முடிச்சிடறேன்.

மாரியாயி: என்ன டப்பாடா அது? காலையிலேர்ந்து கவுளி மாதிரி செவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறா.

வீரமலை: பின்னாடி ரூமுக்கு நெட்டு வரணும்ல. அதுக்கு.

மாரியாயி: ஒயரு ஒண்ணும் இழுக்கலையே?

வீரமலை: ஒயரு செவுத்துக்குள்ள ஏற்கெனவே ஓடுதும்மா. லைட்டுக்கும் ஃபேனுக்கும் கரண்டு போகுதுல்ல, அதே ஒயர்லயே நெட்டையும் ஏத்தி விட்டுடலாம். இந்த டப்பா ஹால்ல ஏத்தும். அந்த டப்பா ரூம்ல எறக்கிக்கும். காந்தி மார்க்கெட்டுல நான் லாரியில ஏத்தி விட்டா, அந்தாண்ட ஒருத்தன் எறக்கிக்குவான்ல, அது மாதிரி.

மாரியாயி: தொட்டா அடிக்குமா?

வீரமலை: நெட்டு அடிக்காது. கரண்டு அடிக்கும்.

மாரியாயி: ரெண்டும் ஒண்ணா போனா எது அடிச்சுதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்? ரூமுக்கு எதுக்கு நெட்டு?

மகாலட்சுமி: பாப்பா படிக்கத்தான் அத்தை.

மாரியாயி: ரெண்டாங் கிளாஸ் படிக்கிற புள்ளைக்கு நெட்டு என்னத்துக்கு? ஹால்ல உக்காந்து படிக்கட்டும். பேசறவங்களும் இங்கயே பேசலாம். நாங்களும் கேட்டுக்குவோம்ல.

மகாலட்சுமி: அதான் கேட்டுக்கிட்டே இருக்கீங்களே...

மாரியாயி: என்ன சொன்ன?

மகாலட்சுமி: டிவி சத்தம் அத்தை. கொறைச்சு வைங்கன்னேன். என்னங்க, இன்னொரு டப்பாவ எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போறேன். பேசிக்கிட்டே வாங்க.

வீரமலை: போ. எங்க இருக்க?

மகாலட்சுமி: அடுப்படி... அடுப்படி தாண்டிட்டேன். துணி தொவைக்கிற கல்லு...

வீரமலை: மூஞ்சி அப்படியே நின்னு போச்சு. வாயத் தெறந்தாப்புல நிக்கிற. மகா?

மகாலட்சுமி: ...தண்ணி டேங்கு... கேக்கு...

வீரமலை: ஹலோ? மகா? ...ஹலோ?

மகாலட்சுமி: ஆங், கேக்குது. திரும்ப ஹாலுக்கே வந்துட்டேன். டேங்க் தாண்டினா செத்துருது. எப்பவும் அப்படித்தான், டவரும் கெடையாது அங்க. நீங்க கட்டுன ரூமுல கான்கிரீட்டு, சுத்தி அடுத்த வீட்டு மாடிச் செவுரு. கெணத்துக்குள்ள படுத்திருக்கற மாதிரி.

வீரமலை: ரூம்ல போட்டியா அதை?

மகாலட்சுமி: போட்டேன். சுவிட்சும் போட்டேன், கேக்க வேணாம். லைட்டு எரியுது. ஆனா செவப்பு. நெட்டு வரல.

வீரமலை: செவப்புன்னா ரெண்டு டப்பாவும் ஒண்ணையொண்ணு பாத்துக்கலன்னு அர்த்தம்.

மகாலட்சுமி: நம்ம வீட்டுக்கு வந்தா அதுங்களுக்கும் அதே கதியா?

வீரமலை: ...ஹால்ல எந்தப் பிளக்குல போட்ட?

மகாலட்சுமி: டிவி பக்கத்துல. மோடம் அங்கதான இருக்கு.

வீரமலை: கரண்டு போனா அந்த டிவி ஓடுமா?

மகாலட்சுமி: ஓடும். இன்வெர்ட்டர்ல ஓடும். உங்க அம்மாவுக்கு சீரியல் நின்னா மூச்சு நின்னுடும்ல.

மாரியாயி: காது கேக்குதுடி எனக்கு.

வீரமலை: அதான் தப்பு. டிவி பிளக்கு இன்வெர்ட்டர் லைன். ரூமுக்கு நான் அந்த லைன் இழுக்கல. நேரடி கரண்டு மட்டும்தான். இது ஒரு ஒயரு, அது ஒரு ஒயரு. இங்க ஏத்துன மூட்டை அங்க எப்படிப் போய்ச் சேரும்?

மகாலட்சுமி: ஏன் இழுக்கல? கரண்டு போனா நானும் பாப்பாவும் விசிறி மட்டைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்.

வீரமலை: இழுக்கணும்னுதான் இருந்தேன். பூசி முடிச்சு, வெள்ளையடிச்சு, கட்டில் வாங்கிப் போட்டு... அதுக்குள்ள போன தடவை வந்த லீவு முடிஞ்சிருச்சு.

மகாலட்சுமி: பத்து நாளு படுத்தீங்க அந்த ரூம்ல. அதுலயும் பாதி நாள் சொந்தக்காரங்க வந்து ஹால்ல படுக்க வெச்சிட்டாங்க.

வீரமலை: மெதுவா. அம்மா இருக்கு.

மகாலட்சுமி: அம்மா எப்பதான் இல்ல? சொல்லுங்க, எதுல போடணும்?

வீரமலை: கரண்டு போனா எந்தப் பிளக்கு சாகுதோ, அதுல போடு.

மகாலட்சுமி: அயர்ன் பாக்ஸ் போடுற பிளக்கு. ஆனா அதுல அத்தையோட கொசு பேட்டு சார்ஜு ஏறுது.

மாரியாயி: அதைத் தொடாத. பொழுது சாஞ்சா காவேரியில உள்ள கொசு பூரா என் காலுக்குத்தான் வருது.

வீரமலை: அம்மா, உன் பேட்டை டிவி பிளக்குல போடு. இன்வெர்ட்டர்ல கொசு நல்லாச் சாகும்.

மாரியாயி: நெசமாவா?

வீரமலை: சத்தியமா.

மகாலட்சுமி: பெத்த தாய்கிட்டப் புளுகுறீங்களே... இருங்க, மோடத்தைத் தூக்கி ஸ்டூல் மேல வெச்சாத்தான் ஒயரு எட்டுது. ...ம், வெச்சிட்டேன். சுவிட்சு போட்டேன். இப்ப ரூமுக்குப் போகவா?

வீரமலை: போ. கட்டாகும், பரவால்ல. பச்சை வந்தா அங்கேர்ந்து நீயே கூப்புடு. நானும் ரூம்லேர்ந்து வெளியில போயிக்கறேன். இங்கயும் மேல்கட்டில்ல ஒருத்தன், கீழ்க்கட்டில்ல ஒருத்தன், தமிழு தெரிஞ்சவனுங்க.

மாரியாயி: எங்கடி போனைத் தூக்கிட்டு ஓடுற? நான் இன்னும் பேசியே முடிக்கல!

மகாலட்சுமி: வந்துடறேன் அத்தை!

வீரமலை: ...ஹலோ? ...ஹலோ?

மகாலட்சுமி: ...பச்சை வந்துருச்சுங்க. ரூம்லேர்ந்து கூப்புடறேன்.

வீரமலை: மகாவா?

மகாலட்சுமி: தெரியறேனா?

வீரமலை: தெரியற. நல்லாத் தெரியற. மூக்குத்தி வரைக்கும் தெரியுது.

மகாலட்சுமி: கதவைச் சாத்திட்டு வரேன். ...சாத்திட்டேன்.

வீரமலை: தாப்பா போட்டியா?

மகாலட்சுமி: போட்டேன். எங்க இருக்கீங்க நீங்க? இருட்டா இருக்கு.

வீரமலை: மாடிப்படியில. துணி காயப்போடுற எடத்துக்குப் போற படி. யாரும் வர மாட்டாங்க.

மகாலட்சுமி: நெசமாவே ஒயருக்குள்ள வந்துருச்சே நெட்டு... நான் வராதுன்னே நெனச்சேன்.

வீரமலை: பேசு.

மகாலட்சுமி: என்ன பேசறது? பேச எவ்வளவோ வெச்சிருந்தேன். துணி தொவைக்கிறப்பல்லாம் மனசுக்குள்ள பேசிக்கிட்டே தொவைப்பேன். இப்பப் பாத்தா ஒண்ணும் வரல.

வீரமலை: ஹால்ல பேசறதையே பேசு.

மகாலட்சுமி: சாப்டீங்களா?

வீரமலை: சாப்டேன். நீ?

மகாலட்சுமி: சாப்டேன். வெச்சிடவா?

வீரமலை: அடியே...

மகாலட்சுமி: மூணு வருஷமா இவ்வளவுதாங்க நம்ம பேச்சு. அத்தை பேசி, தம்பி பேசி, பாப்பா பேசி, பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்துப் பேசி, கடைசியில போனு என் கைக்கு வர்றப்ப உங்களுக்கு டூட்டி வந்துரும்.

வீரமலை: தெரியும்டி. ரூமைக் காட்டேன்.

மகாலட்சுமி: என்ன இருக்கு? இதோ. இந்த மூலையில ஓதம் ஏறி சுண்ணாம்பு உதிருது. இது நீங்க மாட்டுன ஃபேன், கிறீச்சு கிறீச்சுங்குது. இது கட்டில்.

வீரமலை: செவுத்தோரமா ஏன் துணியா அடுக்கி வெச்சிருக்க? அது நான் படுக்கற எடம்ல?

மகாலட்சுமி: ஆமா.

வீரமலை: பீரோ இருக்குல்ல?

மகாலட்சுமி: பீரோவுல எடம் இருக்கு. தூக்கத்துல கை அங்க போயிடுதுங்க. வெறும் எடமா இருந்தா முழிப்பு வந்துரும். துணி மேல பட்டா அப்படியே தூங்கிடுவேன்.

வீரமலை: ...

மகாலட்சுமி: ஏன் பேச்சைக் காணோம்? நெட்டு போயிருச்சா?

வீரமலை: இல்ல. இருக்கேன்.

மகாலட்சுமி: கிட்ட வாங்க. போனுகிட்ட. ...கழுத்துல என்ன அது?

வீரமலை: பொறி தெறிச்சுது. ஆறிடுச்சு.

மகாலட்சுமி: ஹால்லேர்ந்து பாத்தா இதெல்லாம் தெரியவே மாட்டேங்குது. சட்டைய எறக்குங்க, பாக்குறேன்.

வீரமலை: படியில உக்காந்துக்கிட்டா? எவனாவது வந்தா?

மகாலட்சுமி: யாரும் வர மாட்டாங்கன்னீங்க.

வீரமலை: ...பாத்துக்க.

மகாலட்சுமி: முதுகைத் திருப்புங்க. ...வலி இருக்கா இன்னும்?

வீரமலை: குனிஞ்சா மட்டும். கப்பலுக்குள்ள குனிஞ்சுதான் நிக்கணும்.

மகாலட்சுமி: எண்ணெய் தேச்சு விட ஆள் இல்ல.

வீரமலை: அழுவாத.

மகாலட்சுமி: அழுவறேன். கதவு சாத்தித்தான இருக்கு. கொஞ்ச நேரம் அழுவறேன், நீங்க ஒண்ணும் சொல்லாம அப்படியே இருங்க.

வீரமலை: ...

மகாலட்சுமி: ...ம். போதும். சொல்லுங்க.

வீரமலை: மகா... ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் இந்த டப்பாவே வாங்கி எங்க கம்பெனி சர்ஃபராஸ் லீவுல ஊருக்கு வர்றப்பக் குடுத்து விட்டேன். அம்மாவையும் தம்பியையும் வெச்சுக்கிட்டு உன்கிட்ட இதைச் சொல்ல எனக்கு மனசு வரல.

மகாலட்சுமி: சொல்லுங்க.

வீரமலை: கம்பெனியில இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றான். இருந்தா தீவாளிக்கு விடமாட்டான். அடுத்த வருஷந்தான் லீவு.

மகாலட்சுமி: ம்.

வீரமலை: கையெழுத்து கேக்குறான். நான் இன்னும் போடல. உன்னைக் கேட்டுட்டுப் போடலாம்னு...

மகாலட்சுமி: என்னைக் கேட்டுட்டா?

வீரமலை: ஆமா. நீ என்ன சொல்றியோ அதான்.

மகாலட்சுமி: வேணாங்க. போடாதீங்க. வந்துருங்க. மார்க்கெட்டுல மூட்டை தூக்க முடியலைன்னா வேணாம், ராசப்பன் தம்பியோட வாழை மண்டியில உக்காருங்க. நானும் வந்து இலை அடுக்குறேன். கஞ்சி குடிச்சாலும் பரவால்ல. இந்தத் துணியெல்லாம் எடுத்து பீரோவுல வெச்சிடறேன். வந்துருங்க.

வீரமலை: மகா, மண்டியில ரெண்டு குடும்பத்துக்கு எங்கடி வேலை இருக்கு? என் முதுகு இருக்கற இருப்புக்கு... அது வந்து... நான் என்ன சொல்ல வந்தேன்னா...

மகாலட்சுமி: தெணறாதீங்க. போட்டாச்சுல்ல?

வீரமலை: உனக்கு எப்படி...

மகாலட்சுமி: போட்டாச்சுன்னு எனக்குத் தெரியும். டப்பாவைக் குடுக்க வந்த அன்னிக்கே சர்ஃபராஸ் அண்ணன் சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும்னு நெனச்சு சொல்லிட்டு, அப்புறம் பாவம், டீயைக்கூட முழுசாக் குடிக்காமப் போனாரு.

வீரமலை: தெரிஞ்சேவா... தெரிஞ்சுக்கிட்டே கடை கடையா அலைஞ்சு பின்னு வாங்கி, காலையிலேர்ந்து இந்த டப்பாவோட மல்லுக்கட்டுனியா? ஆனது ஆயிப்போச்சுன்னு தெரிஞ்சும் எதுக்குடி இப்ப வேணாம், வந்துருங்கன்னு சொன்ன?

மகாலட்சுமி: ஹால்ல வெச்சு கேட்டிருந்தீங்கன்னா நான் சரிங்கன்னுதான் சொல்லியிருப்பேன், அதையே நீங்க என் மனசுன்னு நெனச்சுக்கிட்டு அங்க ரெண்டு வருஷம் இருந்துருப்பீங்க. என் மனசு இதுதான்னு ஒரு தடவையாவது உங்க காதுல விழணும்ல... விழுந்துருச்சு, போதும். மூஞ்சியக் கழுவிக்கிட்டு ஹாலுக்குக் கூப்புடுங்க, அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க. பக்கத்துல நின்னுக்கிட்டு நான் சரிங்கன்னு சொல்றேன்.