பெரிய கிராணிக்கு ஸ்பேனர் எதற்கு?

பிள்ளைகளே, நம் முன்னோர் கடல் கடந்து பிழைக்க வந்த இந்த நாடு சுதந்திரம் அடைந்த வருடம் காஜா பேராங் பஸ் நிறுத்தத்தில் என் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த ஒருவர், லோரிப் பட்டறை முதலாளியிடம் வேலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"துரை சீமைக்குப் போயிட்டாரு, ஆபீசையும் மூடிட்டாங்க. முன்ன நான் மெக்கானிக்தானே அண்ணே? வீட்டுல அடுப்பு எரியணும்."

"படிச்ச மனுசன் லா நீங்க! உங்களை லோரிக்கு அடியில படுக்க வச்சா எனக்குல்ல பாவம்!"

"ஒரு பாய் போட்டுக் குடுங்க, பாவம் குறையும்."

"பையனுங்க உங்களை சார்னு கூப்பிடுவானுங்க. அப்புறம் என்னை யாரு மதிப்பா?"

"டேய்னே கூப்பிடட்டும். வீட்டுல இப்ப அப்படித்தான்."

கிளேபாங் பஸ் வந்தது. ஏறப்போன முதலாளி திரும்பினார்.

"ஞாயித்துக்கெழமை சும்மாதானே இருப்பீங்க? பட்டறையில ஒரு லோரி என்ன செஞ்சும் கெளம்பல. கூலிக்குன்னு இல்ல, சிநேகிதத்துக்கு வந்து பாருங்களேன்."

"கூலி வாங்கினா என் படிப்புக்குக் கேவலம், சும்மா செஞ்சா கௌரவம். அப்படித்தானே?"

"அதேதான்!"

"அப்ப அந்த லோரியும் கௌரவமா அங்கேயே நிக்கட்டும் அண்ணே."

சொல்லிவிட்டு, அடுத்த பட்டறையைத் தேடித் தெங்கேரா பக்கம் நடந்தார்.