போதகர் இளைத்த கதை

— சிரிக்காதே பாப்பா, டயாலிசிஸ் மெஷின் கத்துது பாரு.

— கை அசைஞ்சா கத்தும். அசைய வைக்கிறது நீ. சரி, பிரசங்கத்துல உன் அங்கி பட்டன் தெறிச்சுது. அப்புறம்?

— நேரா போய் முன் வரிசையில இருந்த பொருளாளர் கண்ணாடி மேல விழுந்துச்சு.

— அய்யோ! அவர் என்ன சொன்னார்?

— "ஆமென்"னார். தூக்கத்துல இருந்திருக்கார். சபையே திரும்பிப் பாக்குது. நான் ரெண்டு கையையும் மேல தூக்கி, "நம்ம உடம்பு ஆண்டவர் குடியிருக்கிற வீடு, அதை அளவா வச்சுக்கணும்"னு முழங்கிட்டு நிக்கிறேன்.

— பிரசங்கத்துக்கு ஏத்த பட்டன்தான்.

— கிண்டல் பண்ணு. ஆண்டவர் ஒரு அறை கேட்டார், நான் மாடி, பால்கனி எல்லாம் எடுத்துக் கட்டிட்டேன்.

— அந்த அங்கியைத் தைச்சவ நான். வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சு விட்டிருக்கேன். இனிமே பிரிக்கிறதுக்கு அதுல துணி இல்லண்ணா. இனி நீதான் உள்ள போகணும்.

— போகத்தான் பாக்கறேன், தொப்பை வரமாட்டேங்குது.

— ம்க்கும். டாக்டர் எடையைக் குறைச்சுட்டு வரச் சொன்னதுலேர்ந்து கீரையும் கேரட்டும்தான்னு போன்ல சொன்னே?

— கீரையும் கேரட்டும்தான். வீட்டுல.

— வீட்டுல. அப்ப வெளியில?

— பாப்பா, நீ தையல்காரி. துணி குடுத்தா தைப்பே, காசு வாங்குவே, முடிஞ்சுது. நான் போதகர். வீடு வீடா போய் ஜெபம் பண்றவன். போன உடனே தட்டுல கேக்கு வரும். வேணாம்னா அந்த அம்மா முகம் வாடிப் போகும். சாப்பிட்டாத்தான் ஜெபம் பலிக்கும்கிற மாதிரி பாப்பாங்க.

— அதுக்காக நீயும் ஊர் முழுக்க ஜெபத்தைப் பலிக்க வச்சுட்டு வந்தியாக்கும்.

— ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்தோத்திரம் பண்ணித்தான் சாப்பிட்டேன். "இதை ஆசீர்வதியும் ஆண்டவரே"ன்னா அதுல இருக்கிற சர்க்கரை பயந்து ஓடிடும்னு ஒரு நெனப்பு.

— ஓடிச்சா?

— எங்கே ஓடும்? உள்ள வந்து வசதியா உக்காந்துருச்சு.

— உபவாசம் இருந்தேன்னு சொன்னியே, அது?

— இருந்தேன், பொய் சொல்லல. பகல் முழுக்க பச்சத் தண்ணி. சாயங்காலம் முடிச்சதும் பகல்ல விட்டதை எல்லாம் வட்டியோட சாப்பிட்டேன். அதுக்கு உபவாசம்னு பேர் வச்சது என் தைரியம்.

— வெக்கமா இல்லையா உனக்கு?

— இருக்கு. சத்தியமா இருக்கு. இத்தனை வருஷமா பீடத்துல நின்னு குடியைத் திட்டினேன், புகையைத் திட்டினேன், சீட்டாட்டத்தைத் திட்டினேன். பெருந்தீனியைப் பத்தி மட்டும் வாயைத் திறந்ததே இல்ல. வாயைத் திறந்ததெல்லாம் சாப்பிடத்தான்.

— போதும்ணா, மறுபடியும் சிரிப்பு வருது. அந்தப் போர்வையைக் கொஞ்சம் இழுத்து விடு. ரத்தம் வெளியில போய்ட்டு வரும்போது உடம்பு ஜில்லுன்னு ஆயிடுது.

— கால் வீங்கியிருக்கே?

— ஒரு வாய் தண்ணி கூடக் குடிச்சாலே வீங்கிடுது. அவ்வளவுதான். நாள் முழுக்க ஒரு சின்ன பாட்டிலை வச்சுக்கிட்டு மூடியில ஊத்தி ஊத்திக் குடிக்கிறேன். வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது, உப்பு கூடாது. கடைக்கு வர்றவங்க ஜூஸ் குடிச்சா நான் ஊசியில நூல் கோக்கிற மாதிரி குனிஞ்சுக்குவேன்.

— எனக்குத் தெரியும் பாப்பா.

— தெரியும்னு சொல்லாதே. தெரிஞ்சிருந்தா ஒரு கேக்கை வேணாம்னு சொல்லியிருப்பே. ...சரி, கோவத்துல சொல்லிட்டேன். விடு. டாக்டர் என்ன சொன்னார்? இன்னைக்குத்தானே கடைசி டெஸ்ட்டோட முடிவு?

— டாக்டரா? நல்ல மனுஷன். ஒல்லியா இருக்கார். அவரும் நம்ம சபைக்கு வந்தா...

— அண்ணா.

— அவங்க கேன்டீன்ல கூட இப்ப பழம்தான் விக்கிறாங்க. நல்ல ஏற்பாடு.

— அண்ணா, என் முகத்தைப் பாரு. வந்து உக்காந்ததுலேர்ந்து ஜோக்கா சொல்லிக்கிட்டிருக்கே. நீ பயந்தா இப்படித்தான் பேசுவே. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்.

— ...முடியாதுன்னுட்டார் பாப்பா.

— எடையா?

— எடை மட்டும்னா காத்திருக்கலாம்னார். எனக்கே சர்க்கரை வந்துடுச்சாம். நல்லாவே வந்துடுச்சாம். "போதகரே, உங்க கிட்னியை தங்கச்சிக்குக் குடுக்கிறது இருக்கட்டும், அது உங்களுக்கே கடைசி வரைக்கும் வருமான்னு பாருங்க"ன்னார். என்னால குடுக்க முடியாது. எப்பவுமே முடியாது.

— ம்.

— திட்டிடு பாப்பா.

— ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. பசிச்சா சாப்பிட்டே?

— இல்ல.

— பின்னே?

— ஒவ்வொரு அடக்க ஆராதனையும் முடிஞ்சு வந்தா கை தானா போகும். சபைக்காரங்க கிட்ட "கலங்காதீங்க"ன்னு சொல்லிட்டு வர்றவனுக்கு, கலங்கறதுக்கு ஒரு இடம் வேணும் இல்ல? எனக்கு அது அலமாரியில இருக்கிற பன் பாக்கெட். நீ இந்தக் கட்டில்ல படுத்ததுலேர்ந்து அது ரெண்டு மடங்காயிடுச்சு. இங்கே உன் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணுவேன், நல்லா தைரியமா பேசுவேன். கீழ போய் கார்ல ஏறினதும் கதவைச் சாத்திட்டு சாப்பிடுவேன். உனக்காகப் பயந்து பயந்தே, உனக்குக் குடுக்க வேண்டியதைக் கெடுத்துட்டேன். இதை நான் எந்த ஆண்டவர்கிட்ட போய் சொல்றது?

— ஒரே ஆண்டவர்தானே இருக்கார். அவர்கிட்டயே சொல்லு. கார்ல உன்கூடதானே இருந்திருப்பார்.

— இருந்திருப்பார். ஒரு துண்டு கூட அவருக்குக் குடுக்கல.

— சரிதான் போ. கண்ணைத் தொடை. எதிர்க் கட்டில்காரர் பாக்கறார்.

— உன் அண்ணிக்கு இன்னும் தெரியாது. எப்படிச் சொல்றதுன்னே தெரியல. பாவம், எனக்காக அவளும் உப்பில்லாம, எண்ணெய் இல்லாம அதையே சாப்பிட்டா. விடிஞ்சா நடக்க இழுத்துட்டுப் போவா. நான் "ஜெபம் பண்றேன்"னு பூங்கா பெஞ்சுல உக்காந்துக்குவேன். அவ சுத்தி சுத்தி வருவா. இளைச்சது அவதான்.

— பாத்தேன்.

— எங்கே பாத்தே? உங்க ரெண்டு பேருக்கும்தான் பேச்சே கிடையாதே. அம்மா அடக்கத்தன்னைக்கு அம்மாவோட சேலை யாருக்குன்னு சண்டை போட்டதுலேர்ந்து அவ உன் பேரைச் சொன்னது இல்ல, நீயும் எங்க வாசப்படி மிதிச்சது இல்ல.

— முந்தாநேத்து வந்தாங்க.

— யாரு?

— அண்ணி.

— இங்கேயா? என்கிட்ட சந்தைக்குப் போறேன்னாளே!

— நீ உக்காந்திருக்கிற அதே நாற்காலியில உக்காந்திருந்தாங்க. இந்தப் போர்வையை எடுத்து மடிச்சாங்க, பிரிச்சாங்க, மறுபடியும் மடிச்சாங்க. நானும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். எனக்கும் வீம்பு குறைச்சல் இல்லையே. அப்புறம் என் வீங்கின காலைப் பாத்துட்டு, எந்திரிச்சு வந்து புடிச்சு விட்டாங்க.

— அவளா?

— அவங்கதான். எனக்கு அழுகை வந்துடுச்சு. "அழாதே, உன்கிட்ட ஒண்ணு சொல்லத்தான் வந்தேன், உங்க அண்ணனுக்கு இன்னும் தெரியாது"ன்னாங்க.

— என்ன சொன்னா? பாப்பா, என்ன சொன்னா?

— "உங்க அண்ணன் வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா? அவர் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்த அன்னைக்கே அடுத்த ஜன்னல்ல நானும் குடுத்துட்டேன்; நான் சொன்னா அழுவார், அழுதா சாப்பிடுவார், அதனால நீயே பக்குவமா சொல்லிடு, என் கிட்னி உனக்குப் பொருந்தியிருக்கு"ன்னாங்க.