எட்டு இருபதை நிறுத்திய மைக் அக்கா

மேடையில் வீற்றிருக்கும் பயணிகள் சங்கத் தலைவர் அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தையல்கார அண்ணன் அவர்களே, சாப்பாட்டுப் பையும் கையுமாக நின்றுகொண்டே கேட்கிற பயணிப் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த நிலைய அதிகாரியின் வணக்கம்.

காலை ஏழே முக்கால் மணிக்கு, அதுவும் பிளாட்பாரத்தில், இரங்கல் கூட்டம் நடந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை. இன்று எட்டு இருபது விரைவு வண்டி நம் நிலையத்தில் முதன்முறையாக நிற்கப்போகிறது. அதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டிய நம் அறிவிப்பாளர், நாம் எல்லோரும் மைக் அக்கா என்றே அழைத்த அந்த அம்மையார், அதைப் பார்க்காமலே மூன்று வாரத்துக்கு முன் கண்மூடிவிட்டார். அதனால் கூட்டம் இங்கேயே, இந்த நேரத்திலேயே நடக்கட்டும் என்று முடிவு செய்தவர் அவருடைய கணவர், நம் தையல்கார அண்ணன். "யாரும் ரொம்ப அழாதீங்க. மைக்குல அழுகைச் சத்தம் கேட்டா அவ வால்யூமைக் குறைச்சிடுவா" என்றும் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சைத் தட்ட எனக்குத் துணிவில்லை.

நண்பர்களே, இந்த நிலையத்தின் வரலாறு என்ன? முதலில் இங்கே இருந்தது ஒரு தகரக் கூரையும் ஒரு பெஞ்சும்தான். டிக்கெட் கொடுக்க ஆள் கிடையாது. வண்டியின் கார்டே இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போவாராம். பிறகு கவுண்டர் வந்தது, குடிநீர்க் குழாய் வந்தது, இரண்டாம் பிளாட்பாரம் வந்தது. அது வந்து நான்கு ஆண்டு கழித்துத்தான் அதற்குப் போக மேம்பாலம் வந்தது. அந்த நான்கு ஆண்டும் அங்கே யார் நின்றார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நாளுக்கு நாற்பது சாதாரண வண்டிகள் நின்றன. ஆனால் நகரத்துக்குச் சாதாரண வண்டி ஒரு மணி நேரத்தில் உருட்டிக்கொண்டு போகிற தூரத்தை இருபத்தைந்தே நிமிடத்தில் கடக்கிற எட்டு இருபது மட்டும், நம்மை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த வண்டிக்கு விதிப்படி சொல்ல வேண்டியது, இது இங்கே நிற்காது, விலகி நில்லுங்கள் என்பதுதான். அக்கா என்ன சொன்னார்? இது இப்போதைக்கு இங்கே நிற்காது என்றார்! தினமும் சொன்னார். விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எப்போதுமே நிற்காது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லையே என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அந்தக் கோப்பில் அதற்குமேல் ஒரு தாள்கூடச் சேரவில்லை.

நாமும் மனுவுக்கு மேல் மனு போட்டோம். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: இந்த நிலையத்தில் சீசன் டிக்கெட் வாங்குவோர் நூற்றுப்பத்துப் பேர்தான், வண்டியை நிறுத்த இது போதாது. நூற்றுப்பத்தா? காலையில் ஜங்ஷன் போகிற பஸ்ஸில் படிக்கட்டில்கூட இடம் கிடைக்காத ஊர் இது! அக்கா விடவில்லை. ஒரு வாரம் அந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்று, ஒவ்வொருவர் டிக்கெட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். குட்டு வெளிப்பட்டது. எட்டு இருபதைப் பிடிக்க நாம் பஸ் ஏறி அடுத்துள்ள ஜங்ஷனுக்குப் போகிறோம். போன இடத்திலேயே சீசன் டிக்கெட்டும் வாங்கிவிடுகிறோம். ஏட்டின்படி நாமெல்லாம் ஜங்ஷன்காரர்கள். வண்டி நிற்காததால் டிக்கெட் வாங்கவில்லை, டிக்கெட் வாங்காததால் வண்டி நிற்கவில்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

இதில் என் மானம் போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, அக்கா மெதுவாகச் சொன்னார்: "சார், மனுவுக்கெல்லாம் நீங்கதான் பரிந்துரை எழுதுறீங்க. உங்க வீட்டம்மா டிக்கெட் ஜங்ஷன்ல வாங்கினது."

ஊருக்குத்தான் உபதேசம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? என் மனைவி நகரத்துப் பள்ளியில் ஆசிரியை. அன்று மாலை அவரைக் கேட்டேன். நிற்காத வண்டிக்கு உங்கள் நிலையத்தில் நான் எதற்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். அதை அப்படியே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவரிடம் பதில் இருந்தது. வீட்டுக்கே வந்து, "டீச்சர், இங்க வாங்குற டிக்கெட் ஜங்ஷன்லயும் செல்லும். நீங்க பஸ்லயே போங்க. பேரு மட்டும் நம்ம ஏட்டுல இருக்கட்டும்" என்றார். அடுத்த மாதம் என் மனைவி நம் கவுண்டர் வரிசையில் நின்றார். அதன்பிறகு அக்கா ஏறாத படி உண்டா? தையல் கடையில்கூட யாரும் தப்பவில்லை. டிக்கெட்டைக் காட்டினால்தான் தைத்த சட்டை கையில் வரும் என்று அண்ணன் அடம்பிடித்தார். இரண்டே ஆண்டில் நூற்றுப்பத்து எழுநூற்று நாற்பது ஆனது.

உத்தரவு எப்போது வந்தது? அக்கா போய் ஒன்பது நாள் கழித்து. உறையைப் பிரித்ததும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது. பத்து நாள் முன்னால் அனுப்பியிருந்தால் யார் குடி முழுகியிருக்கும்? அழுதேன், அதை மறைக்கவில்லை. தாளை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு அடியில் இருந்த பொடி எழுத்தைத் தொட்டு, "இதைப் பாத்தீங்களா சார்?" என்றார். மூன்று மாதம் சோதனை. நாளொன்றுக்கு இருநூறு பேர் இங்கே ஏறாவிட்டால் நிறுத்தம் ரத்து.

ஆகவே பெருமக்களே, புகழ்வதை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். பஸ்ஸே பழகிப்போன கால்கள் நாளைக்கு மறுபடி அந்தப் பக்கம் நடந்தால், நான் பேசியதெல்லாம் வெறும் வாய்ப்பந்தல். அந்த இருநூறுக்கு நாம் பொறுப்பேற்போம். மழை பெய்தாலும் ஏறுவோம், மாமியார் வந்திருந்தாலும் ஏறுவோம்!

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ஒரு நிமிட மௌன அஞ்சலி. அண்ணனிடம் கேட்டுவிட்டு அதை அடித்துவிட்டேன். வண்டி நிற்கப்போவதும் ஒரே நிமிடம்தான். அந்த நிமிடத்தில் யாரும் தலைகுனிந்து நிற்க வேண்டாம். சிக்னல் விழுந்துவிட்டது. டிக்கெட்டோடு நிற்பவர்கள் நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் என்று கவுண்டரிலிருந்து சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அண்ணா, நீங்கள் முதலில் ஏறுங்கள், உங்களோடு நூற்றுத் தொண்ணூற்றொன்பது. தலைவர் அவர்களே, நாற்காலியை விட்டு எழுந்திருங்கள், இன்னும் ஓர் ஆள் குறைகிறது.