அவர் குரல் மட்டும் கேக்கல

இரைச்சல் போகுமான்னுதானே கேக்கற? எனக்கு இந்த எடது காதுல போயிடுச்சு. உனக்குப் போகுமான்னு எனக்கெப்படிம்மா தெரியும், நான் என்ன டாக்டரா? டாக்டரே சத்தியம் பண்ண மாட்டார். ஆபரேஷன் காது கேக்கறதுக்குத்தான், இரைச்சல் பல பேருக்குக் குறையும், சில பேருக்கு அப்படியே நிக்கும்னு வழவழன்னு சொல்லுவார். என்கிட்டயும் அதான் சொன்னார். சரி, இந்தப் பக்கம் வந்து உக்காரு. அந்தப் பக்கம் இன்னும் பண்ணாத காது, அதுல நீ பேசறது செவிடன் காதுல ஊதின சங்குதான்.

எனக்கு எப்படி இருந்துச்சா? தண்ணி வராத நேரத்துல கொழாயத் தொறந்தா காத்து சீறும்ல, அது. நிறுத்தவே முடியாத கொழா. தூங்கினாலும் சீறும், அழுதாலும் சீறும். அதுக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம். நாத்தனார் வந்து எண்ணெயக் காய்ச்சி ஊத்துன்னா. அவ வாயில ஊத்தலாம்னு தோணுச்சு, ஊத்தல.

நான் தையல் கம்பெனில வேலை பாக்கறேன். மெஷினெல்லாம் ஒண்ணா ஓடும்போது எனக்கு மத்தவங்கள விட நல்லாவே கேக்கும். கரண்ட் போயி எல்லாம் நின்னுடுச்சுன்னா ஒண்ணும் கேக்காது. இந்தக் காது நோவுக்கே அதான் லட்சணமாம். சத்தத்துல எல்லாரும் கத்திப் பேசுவாங்க, மெஷின் சத்தம் நம்ம காதுக்குள்ள அவ்வளவா ஏறாது, குரல் ஏறிடும். சூப்பர்வைசருக்கு இது புரியுமா? வேலை சொன்னா மட்டும் இந்தம்மாவுக்குக் காது அடைச்சுக்கும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான். மூளை இருக்க வேண்டிய எடத்துல நூல்கண்டு வெச்சுப் படைச்சுட்டாங்க அவன.

ஆனா இந்தக் கூட்டத்த எல்லாம் ஒரு தட்டுல வெச்சு, எங்க வீட்டுக்காரர மறு தட்டுல வெச்சா, அவர் தட்டுதான் தாழும். வெல்டிங் பட்டறைல இருக்கார். அங்க எல்லாரும் சைகைதான். கல்யாணம் ஆன புதுசுலயே ஒரு வார்த்தை பேசினா மறு வார்த்தைக்கு மறுநாள் வரைக்கும் காத்திருக்கணும். ஊமைக்கோட்டான்னு மூஞ்சிக்கு நேராவே கூப்பிடுவேன். எனக்குக் காது மந்தமாக மந்தமாக அவருக்கு வசதியாப் போச்சு. நான் உதட்டப் பாத்தே புரிஞ்சுக்கப் பழகிட்டேன், அவர் உதட்ட அசைக்கறதோட நிறுத்திக்கிட்டார். மூச்சுக் காத்துல கூட கஞ்சத்தனம்.

ஆனா குரல் நல்ல குரல். அடி வயித்துலேர்ந்து வரும். அதக் கேட்டுத்தான் கட்டிக்கிட்டேன்னு வெச்சுக்கோயேன், வேற என்ன இருந்துச்சு அந்த மூஞ்சில. காதுக்குள்ள சீறி சீறி அந்தக் குரல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. நான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டதே அத இன்னொரு தடவ கேக்கணும்னுதான். வெக்கத்த விட்டுச் சொல்றேன், சிரிக்காத.

அவர்கிட்ட சொன்னா மூஞ்சி செத்துப்போச்சு. இப்ப என்ன அவசரம், அடுத்த வருஷம் பாக்கலாம், தலை சுத்துமாம், வாய் கோணிக்குமாம். எல்லாம் உதட்டுலதான், கைய வேற ஆட்டி ஆட்டி. பொண்டாட்டிக்குக் காது கேட்டா யார் குடி முழுகிடும்? போய்யான்னு கையெழுத்துப் போட்டுட்டுப் படுத்தேன்.

பயப்படாத, வலிக்காது. காத மட்டும் மரத்துப்போக வெச்சுப் பண்ணினாங்க. உள்ள அரிசிமணிய விடச் சின்ன எலும்பு ஒண்ணு அசையாம இறுகிப்போச்சாம், அத எடுத்துட்டுப் பொடிசா வேற ஒண்ண மாட்டினாங்க. அப்பறம் ரெண்டு நாள் வீடே சுத்துச்சு. நாக்குல கொஞ்ச நாள் இரும்ப நக்கின ருசி. இரைச்சல் மொதல்ல கூடித்தான் போச்சு, அதுக்கும் சேத்து டாக்டரத் திட்டினேன். அப்பறம் வத்திக்கிட்டே வந்துச்சு. ஒரு நாள் பல்லு வெளக்கிட்டு நிமிர்றேன், இல்ல. அப்படியே அந்தக் கொழாயடியில உக்காந்து அழுதேன்.

ஆனா கேளு. காதுக்குள்ளேர்ந்து பஞ்ச எடுத்த அன்னைக்கு நர்ஸ் செருப்புச் சத்தம் கேக்குது, காகிதம் கசங்கறது கேக்குது. எங்க வீட்டு மகாராசா எதுர்ல வந்து நின்னு, நல்லாருக்கியா, போலாமாங்கறார். உதடு தெரியுது, சத்தம் வரல. வீட்டுக்குப் போயும் அதேதான். நாத்தனார் பேசறது கேக்குது, பக்கத்து வீட்டுச் சண்டை கேக்குது, இவர் ஒருத்தர் குரல் மட்டும் இல்ல. ஒரு குரலுக்கு மட்டும் காது செவிடாகுமா? ஆகும்னு நெனச்சேன், அவ்வளவு அறிவாளி நான். டாக்டர்கிட்ட போய், எல்லாம் கேக்குது, வீட்டுக்காரர் குரல் மட்டும் கேக்கல, திரும்பத் தொறந்து பாருங்கன்னேன். பாதிப் பேர் இந்த வரத்தக் கேட்டுத்தாம்மா வராங்கன்னு அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். படிச்சவங்களுக்கு வர்ற ஜோக்கே அவ்வளவுதான்.

காதுல ஹெட்போன மாட்டிச் சோதிச்சாங்க, எல்லாம் சரியா இருந்துச்சு. வெளில பெஞ்சுல இருந்தவரக் கூப்பிட்டு, எங்க, உங்க சம்சாரத்த நாலு வார்த்தை திட்டுங்கன்னார். இவர் தரையப் பாக்கறார். சத்தமா சார்னார் டாக்டர். அப்பத்தான் வாயத் தொறந்தார். துருப்புடிச்ச தகரத்த சிமெண்டுத் தரைல இழுத்தா எப்படி, அப்படி ஒண்ணு வந்துச்சு. டாக்டர் சிரிப்பு நின்னுபோச்சு. என்னை நாற்காலிலேர்ந்து எழுப்பிட்டு அவர உக்கார வெச்சார்.

ஆமா, தொண்டைதான். உள்ள கட்டி, கான்சராம். போர்டுலயே போட்டிருக்கே, காது மூக்கு தொண்டைன்னு. குரல் போய்ப் பல மாசம் ஆச்சாம். பட்டறைல சைகை, கடைல வெரல நீட்டினா சாமான் வந்துடும், வீட்டுல ஒரு செவிட்டுப் பொண்டாட்டி. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சுட்டார். ஆபரேஷன் வேணாம்னு குதிச்சது அதுக்குத்தான், எனக்குக் காது வந்தா மாட்டிக்குவாரே. ஏன்யா சொல்லலன்னு கேட்டா, நீ பயப்படுவன்னு உதட்ட அசைக்கறார். எனக்குப் பயமாம். டாக்டர் பேரக் கேட்டாலே வேர்க்கற ஆளு இவரு.

இல்லம்மா, இன்னைக்கு நான் என் காதுக்கு வரல. அவரத்தான் உள்ள கொண்டுபோயிருக்காங்க. குரல்வளைய எடுக்கறாங்க. உயிர் நிக்கும், குரல் நிக்காதுன்னு சொல்லிட்டாங்க. அதான் உன்னப் புடிச்சு வெச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருக்கேன்.

காலைல தள்ளுவண்டில படுக்க வெச்சதும் நர்ஸ் வந்து, ஏதாவது சொல்லணும்னா வாயால இப்பவே சொல்லிடுங்கன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. நான் குனிஞ்சு இந்தக் காத அவர் வாய்க்கிட்ட கொண்டுபோனேன். இத்தன வருஷம் பேசாம சேத்து வெச்சிருக்காரே, பெருசா ஏதோ வரப்போகுதுன்னு. கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்கிச்சு. மூச்ச இழுத்து இழுத்து, கேஸ மூடினியான்னு கேட்டார்.

அவ்வளவுதாம்மா. கேஸு. மூடினேன்னேன். பெரிய கடமை முடிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டுக் கண்ண மூடிக்கிட்டார், தள்ளிட்டுப் போயிட்டாங்க. என்ன ஜென்மமோ. பழைய குரல் எங்க இருந்துச்சு அதுல. இருந்தாலும் அவர் குரல்தான். ஒரு எழுத்து விடாமக் கேட்டேன்.