சுவருக்குள் போன காளை

தலைமை தாங்கும் நகர ஆளுநர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து மதுக்குடங்களை முழுதாக முடித்துவிட்ட முதுபெரும் சான்றோர்களே! டைகிரிஸ் நதியாய்த் திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கல் இழுத்துக் கை காய்த்த என் கயிற்றுக்காரத் தோழர்களே! நாளை பிறக்கும் புத்தாண்டில் நம் நினிவேயின் புதுவாயில் திறக்கப்போகிறது. வணக்கம்!

வாயிலின் இருபுறமும் நிற்கின்றனவே சிறகுள்ள காளைகள், அவற்றின் சிரிப்பைப் பார்த்தீர்களா? மனித முகம், மன்னர் தாடி, மலை போன்ற மேனி! என்ன தம்பி, கால் ஐந்து இருக்கிறதா? இருக்கட்டும். முன்னால் வருபவனுக்கு இரண்டு, பக்கத்தில் போகிறவனுக்கு நான்கு. எங்கிருந்து பார்த்தாலும் குறை தெரியாது!

ஆனால் இந்தக் காளைகள் நிற்குமா என்று நாங்கள் கலங்கிய கதை தெரியுமா?

செதுக்கியவர்கள் இருவர். ஒருவர் ரிமூத். மற்றவர் அவருடைய தங்கை பனீத்துவின் கணவர் சில்லாயா. ஒரு கல்யாண விருந்தில் சில்லாயாவுக்கு முதலில் வைக்க வேண்டிய ஆட்டு வால்கறியை ரிமூத் வேறு யாருக்கோ பரிமாறிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது! 'யாருக்கு எந்தப் பக்கம் என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள்' என்றார் மேற்பார்வையாளர். பேசினால்தானே? காலை வெயில் விழுகிற இடப்பக்கம் தனக்கே என்று இருவரும் அவரவர் கொட்டகையில் செதுக்கினார்கள். இழுத்து வந்து நிறுத்தினோம். இரண்டும் இடப்பக்கக் காளை!

ஒன்றை வலப்பக்கம் நிறுத்தி, அதன் செதுக்கிய விலாவைச் சுவரோடு சேர்த்துப் புதைக்க வேண்டும். மறுவிலாவைப் புதிதாகச் செதுக்க வேண்டும். யாருடையதைப் புதைப்பது? இருவரும் உளியும் கையுமாகத் தத்தம் காளையை மறித்து நின்றார்கள். காவல் காளை இல்லாத வாயிலில் கெட்ட ஆவி அல்லவா முதலில் நுழையும்?

அப்போது சோறு கொண்டுவந்த பனீத்து, அண்ணன் காளையை அண்ணாந்து பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏண்ணே, இது எங்க வீட்டுக்காரரு மூக்குல்ல? கன்னம்கூட அவரேதான்!"

"வாய மூடு. நான் எதுக்கு அந்த ஆளு மூஞ்சியச் செதுக்குறேன்?"

"நாளெல்லாம் அவரத் திட்டிக்கிட்டே செதுக்கினா வேற யாரு மூஞ்சி வரும்?"

ரிமூத் முகம் செங்கல்லாகச் சிவந்தது. சில்லாயா சுற்றி வந்து பார்த்தார். மூக்கைத் தடவிக்கொண்டார்.

"என்ன மச்சான், இவ்வளவு அழகாவா இருக்கேன் நான்?"

"இல்ல மாப்ள. கொஞ்சம் கூட்டித்தான் போட்டுட்டேன்."

"அப்ப உம்மது வெளியில நிக்கட்டும். என்னுது சுவத்துக்குள்ள போகட்டும்."

மறுவிலாவை மழைக்காலம் முழுவதும் இருவரும் சேர்ந்தே செதுக்கினார்கள். அன்பர்களே, இழுத்தவன் சொல்கிறேன்: சுவருக்குள் போன அந்தச் சிறகு போல இந்நகரில் இன்னொன்று இல்லை! சுவரோடு சேர்க்கும் முன், "ஒரு நிமிசம்" என்றார் சில்லாயா. கயிற்றைப் பிடித்தபடி அத்தனை பேரும் நின்றோம். அந்தச் சிறகில் அவர் உள்ளங்கையை வைத்தார். அதன்மேல் ரிமூத் தன் கையை வைத்தார். எனக்குக் கண் கலங்கியது. சொல்ல என்ன வெட்கம்?

எதனால் நிற்கிறது ஒரு நகரம்? மதிலாலா? மன்னர் படையாலா? தன் அழகைச் சுவருக்குள் விட்டுக்கொடுத்த ஒருவனால் நிற்கிறது! நாளை நுழையும்போது காளைகளுக்குக் கைதட்டுங்கள். பிறகு வலப்பக்கச் சுவருக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.

செவி கொடுத்த உங்களுக்கும், திட்டி முடித்த அந்த இருவருக்கும் நன்றி. புத்தாண்டு பொலிக! வணக்கம்.