இருபத்தோராவது பெயர்

கம்ப்யூட்டர் திறக்காவிட்டால் ஆட்கள் முதலில் அதைத் தட்டிப் பார்க்கிறார்கள். தட்டுவதால் ஒன்றும் ஆகாது. வயரைச் சரிபார்த்துவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும். லோர்ன்வுட் தோட்டத்து நலன்புரி அலுவலகத்தில் ஆறு வருடமாக நான் அப்படித்தான் வேலை செய்தேன்.

தமிழிலேயே சொல்கிறேன், ஐயா. சிங்களத்திலும் சொல்லலாம், ஆனால் தமிழில் சொன்னால் பிழை குறைவாக வரும். வாக்குமூலம் எழுதுகிறவர் அவசரப்பட வேண்டியதில்லை. நான் மெதுவாகத்தான் பேசுவேன்.

என் பெயர் ஜீவராஜ், வயது முப்பத்தொன்று. அலுவலகத்தில் நாங்கள் இரண்டே பேர். நாகலெட்சுமி மிஸ் நலன்புரி உத்தியோகத்தர், நான் கம்ப்யூட்டர் வேலை. இந்த வருடம் விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில், சமதரையில், இருபது வீடுகள் கட்டி முடித்தார்கள். வெடித்துப்போன பழைய லயங்களில், வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில், இருந்தது முப்பத்து நாலு குடும்பம். யாருக்கு வீடு என்று முடிவு செய்ய, மிஸ் மழையில் ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கினார். சுவர் வெடிப்பை அடிமட்டம் வைத்து அளந்தார், படம் எடுத்தார். பெரிய வெடிப்பு முதலில், சின்ன வெடிப்பு கடைசியில் என்று பட்டியல் போட்டார். முதல் இருபது பெயருக்கு வீடு. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலைத் தோட்ட மானேஜர் தொரைக்கு அனுப்ப வேண்டும்.

அவர் எழுதிய தாள்கள் நனைந்து ஊறிப்போயிருந்தன. டைப் செய்து முடித்ததும் அவரே எறிந்துவிட்டார். போனில் இடமில்லை என்று படங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அழித்துவிட்டார். பட்டியலை எனக்குக் காட்டவில்லை. அந்த முப்பத்து நாலில் நானும் ஒருவன் என்பதால் அது நியாயம்தான். எங்களுடையது எட்டாம் லயம். சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. என் மனைவி பிரியந்திக்கு அப்போது ஏழு மாதம்.

செவ்வாய்க்கிழமை நடந்தது தவறுதான். அந்த மெசின் மிகவும் மெதுவாக ஓடியது. இலவசமாகக் கிடைக்கும் வேறொரு சிஸ்டத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பழைய ஹார்ட் டிஸ்கைக் கூடுதலாக மாட்டினேன். இரண்டு டிஸ்கும் ஒரே கம்பனி, ஒரே அளவு. மெசின் தொடங்கும் வழியை எந்த டிஸ்கில் எழுதுவது என்று கடைசியில் கேட்டது. நான் வாசிக்காமல் முதலாவதை அழுத்திவிட்டேன், அது பட்டியல் இருந்த டிஸ்க். புது சிஸ்டம் பிடிக்கவில்லை, பழைய டிஸ்கைக் கழற்றினேன். அதற்குப் பிறகு கறுப்புத் திரை, ஒரு வரி ஆங்கிலம், துடிக்கும் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான்.

வயர்களை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். மிஸ் வந்து பார்த்தார்.

"என்னாச்சு ஜீவராஜ்?"

"தொறக்க மாட்டேங்குது மிஸ்."

"பட்டியல்?"

"உள்ளதான் இருக்கணும். பாக்குறேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

புதன்கிழமை காலை கந்தப்பளைக்குப் போய் நூர்தீன் நானாவின் கடையில் கேட்டேன். கம்ப்யூட்டர் திருத்துவதில் அவரைவிட ஆள் கிடையாது. அவர் சிரித்தார். "ஒண்டும் போகல்ல தம்பி. சாமானெல்லாம் உள்ளுக்குத்தான் இரிக்கி. உள்ளுக்குப் போற வழியத்தான் நீங்க அழிச்சிப் போட்டீங்க" என்றார். ஒரு சீடி தந்தார். இரண்டு வரி கட்டளையைத் துண்டில் எழுதித் தந்தார். நான் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

வியாழன் காலை மிஸ் வந்தபோது திரை கறுப்பாகத்தான் இருந்தது. அதை அவரே பார்த்தார். "எல்லாம் போச்சு மிஸ்" என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்.

பிறகு ஞாபகத்திலிருந்து எழுதப் பார்த்தார். நான்தான் நிறுத்தினேன். "படமும் இல்ல, அளவும் இல்ல. நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க மிஸ், தொரையும் ஏத்துக்க மாட்டாரு. செக்ரோல வச்சு லய நம்பர் வரிசையில எழுதினா யாரும் வாய் தொறக்க ஏலாது" என்றேன். செக்ரோல் என்றால் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களின் இடாப்பு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோட்டத்தில் எது கொடுத்தாலும், தகரமோ கம்பளியோ, அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதனால் நான் சொன்னது யாருக்கும் புதிதாகப் படவில்லை.

"செல்லசாமி ஐயா வீட்டுல யாருக்கும் பேர் இல்லையே" என்றார் மிஸ்.

"அவங்கள அடுத்த கட்டத்துல போடுவோம்."

செல்லசாமி மாமா பென்சன் எடுத்துவிட்டார். மகன் தர்ஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மருமகள் பிரேமினி தோட்ட வேலைக்குப் போவதில்லை, இரண்டு பிள்ளைகளோடு பத்தாம் லயத்துக் கடைசிக் காம்பராவில் மாமாவுடன் இருந்தாள். செக்ரோல் வழியாகப் போனதால் அவர்களையும் சேர்த்து மூன்று குடும்பம் கழிந்தது. எட்டாம் லயம் முன்னால் வந்தது. நான் பதினெட்டாவது.

பட்டியலை, காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வாசித்தார்கள். அன்று பகல் பிரேமினி அலுவலகத்துக்கு வந்தாள்.

"அண்ணே, எங்க பேரு இல்லையாமே. மிஸ் வந்து படமெல்லாம் எடுத்தாங்களே."

"மெசின் போச்சு தங்கச்சி. அடுத்த தடவ வரும்."

"மெசினுக்கு என்னண்ணே தெரியும், பாவம்" என்று சிரித்துவிட்டுப் போனாள். நாங்கள் குடிபோன அன்று அவளும் சாமான் தூக்க வந்தாள். பிரியந்தியைக் குனிய விடவில்லை. எங்கள் வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்து, "நல்ல வழவழன்னு இருக்கு அக்கா" என்றாள். எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

நாங்கள் குடிபோன பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு நாளாக விடாத மழை. பகல் சோறு சமைக்கிற நேரத்தில் பத்தாம் லயத்துக்கு மேலே இருந்த மலை இறங்கியது. நாலு காம்பரா போனது. மூன்றில் இருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடிவிட்டார்கள். கடைசிக் காம்பராவில் இருந்தவர்கள் ஓடவில்லை. செல்லசாமி மாமா, பிரேமினி, இரண்டு பிள்ளைகள். நானும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். செவ்வாய்க்கிழமை மாலைவரை வெட்டினோம். என் கை கொப்பளித்துவிட்டது.

தர்ஷன் கொழும்பிலிருந்து வந்தான். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் படம் வேண்டும். மனைவி பிள்ளைகளின் படம் அவன் போனில் இருந்தது, அப்பாவின் படம் மட்டும் இல்லை. "அப்பாவுக்குப் படம் புடிச்சா வெக்கம்" என்று சொல்லிக்கொண்டே போனைத் தள்ளித் தள்ளித் தேடினான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. மிஸ் எடுத்த வெடிப்புப் படங்களில் மாமா வாசலில் நிற்பார் என்பது நினைவுக்கு வந்தது. நல்ல தெளிவான படம். "இருங்க, நான் எடுத்துத் தாரேன்" என்றேன்.

சீடியைப் போட்டு அந்த இரண்டு வரியையும் அடித்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை. மெசின் திறந்தது. மாமாவின் படத்தை தர்ஷனுக்கு அனுப்பினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய உதவிண்ணே" என்றான்.

மிஸ் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் பட்டியலைத் தேடித் திறக்கப் போனார். அதன் பக்கத்தில் கடைசியாகச் சேமித்த நேரம் இருந்தது.

"ஜீவராஜ், இது புதன்கெழம ரெண்டு மணி பத்துன்னு காட்டுது."

மெசினின் நேரம் பிழையாக இருக்கும் என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மெசினின் மூலையைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அவர் நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

ஆமாம், ஐயா. புதன்கிழமை பகலே அந்தச் சீடியைப் போட்டு மெசினைத் திறந்துவிட்டேன். மிஸ் தொரையிடம் தவணை கேட்கப் போயிருந்தார். பட்டியல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். எங்கள் பெயர் இருபத்தோராவதாக இருந்தது. ஒரு பெயர்தான் வித்தியாசம். ஏழாவதாக செல்லசாமி என்று இருந்தது, பக்கத்தில் படம். வாசலில் மாமா, சுவரோரம் பிரேமினி. அகலம் தெரிவதற்காக மிஸ் அவளை வெடிப்புக்குள் கையை விடச் சொல்லியிருக்க வேண்டும். மணிக்கட்டுவரை உள்ளே போயிருந்தது. வளையல் வெளியே நின்றது.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் ஒரு கட்டம் வரிசை தப்பி இருந்தது. நேராக்கிச் சேமித்தேன். கோணலாக எதையும் விட எனக்கு வராது. அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

பிறகு பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டினேன். செவ்வாய்க்கிழமை செய்ததை எல்லாம் அதே வரிசையில் செய்தேன். தொடங்கும் வழியை எந்த டிஸ்கில் எழுதுவது என்று கடைசியில் மறுபடி கேட்டது. இந்தத் தடவை கேள்வியை முழுதாக வாசித்தேன். வாசித்துவிட்டு முதலாவதை அழுத்தினேன். டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். கறுப்புத் திரை வந்தது. மிஸ் திரும்பி வருவதற்கு முன்னால் மேசையைத் துடைத்து வைத்தேன்.

முதல் தடவை தெரியாமல், இரண்டாம் தடவை தெரிந்து. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது, ஐயா. அந்த மெசின் இப்போது நன்றாக வேலை செய்கிறது. நான் பார்த்தேன். பட்டியல், படங்கள், அளவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. என் கையால் ஒன்றுகூட அழியவில்லை என்று எழுதுங்கள்.